ஈடின் மானிகளைத் தேடிப் போவோம்: சன்மார்க்க சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அருட்பெருஞ்ஜோதி!

ஊர்தோறும் சங்கம் வைத்து, மாதப் பூசம் தவறாமல் அன்னம் அளித்துவரும் சன்மார்க்க அன்பர்களுக்கும், சங்கப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வந்தனம்.

வள்ளல் பெருமான் இராமலிங்க அடிகள் வருவிக்கவுற்ற, அதாவது பிறந்த, 200ஆவது ஆண்டைக் கொண்டாடி முடித்துவிட்டோம். அவர் பிறந்த அக்டோபர் 5ஐ அரசே தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்திருக்கிறது. நல்ல காரியம்தான், மகிழ்ச்சிதான். ஆனால் விழாப் பந்தலைப் பிரித்த பிறகு நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. 1867இல் வடலூரில் அடுப்பேற்றிப் பசித்தவருக்கு அவர் சோறு போட்டதை அப்படியே திரும்பச் செய்வதுதான் அவர் வழியில் நடப்பதா? அல்லது 1867இல் அவர் எப்படிப் பார்த்தாரோ அப்படி இன்றைய ஊரைப் பார்ப்பதா? இரண்டாவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லவும், பசித்தாலும் மானத்தால் வாய்திறந்து கேட்காத 'ஈடின் மானிகளை' நினைவூட்டவும்தான் இந்த மடல்.

பெருமான் ஒரே இடத்தில் நின்றவர் இல்லை. சின்ன வயதில் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். அப்புறம் திருவொற்றியூர்த் தியாகராசரிடம் போய் உருகினார். தில்லை நடராசரிடம் மனதைக் கொடுத்தார். சென்னையை விட்டுக் கருங்குழிக்கு வந்தார், அங்கிருந்து வடலூர், 1870இல் மேட்டுக்குப்பம். ஊர் மாறியதைவிட உள்ளம் மாறியதுதான் பெரிது. 1865இல் அவர் தொடங்கிய சங்கத்துக்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயர் வைத்தார். 1872 ஜூலையில் அந்தப் பெயரிலிருந்து 'வேத' என்பதை எடுத்துவிட்டு, சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். அன்னம் போடும் தருமச்சாலையின் பெயரும் வழிபாட்டுக்கான ஞான சபையின் பெயரும் அதோடு மாறின. ஏழே வருடத்தில், தானே வைத்த பெயரைத் தானே மாற்றியவர் அவர்.

1873 அக்டோபர் 22ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டு அவர் பேசிய பேருபதேசத்தை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். முன்பு சைவத்தில் தமக்கு இருந்த பற்று அளவிட முடியாதது, அது இப்போது எப்படிப் போய்விட்டது பார்த்தீர்களா என்று கூட்டத்தைக் கேட்கிறார். அப்போது அவ்வளவு பற்று வைத்ததற்குக் காரணம், தமக்கு அப்போது அறிவு அவ்வளவு கொஞ்சமாக இருந்ததுதான் என்கிறார். ஆயிரக்கணக்கான பாட்டு பாடி, அவை அச்சாகி ஊரெல்லாம் பரவி, அவற்றை அருட்பா இல்லை மருட்பா என்று எதிர்த்து ஒரு பெரும் சண்டையே நடந்து, அதற்கெல்லாம் பிறகும் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தம் ஐம்பதாவது வயதிலும் கற்றதை உதற அவர் தயங்கவில்லை. அவரை வழிகாட்டியாகக் கொண்ட நாம், நாற்பது வருடத்துக்கு முன்னால் நம் சங்கம் போட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியை மாற்றக்கூடத் தயங்குகிறோம்.

சரி, எதை மாற்ற வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். பசியிலிருந்தே தொடங்குகிறேன்.

1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது சென்னை மாகாணத்துக்குப் பஞ்சம் புதிதில்லை. முந்தைய வருடம்தான் வடக்கே கஞ்சாம் பகுதியில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்திருந்தார்கள். ஒன்பது வருடம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்தில் பசி தெருவில் கிடந்தது, யார் கண்ணுக்கும் தெரிந்தது. பார்வதிபுரத்து மக்கள் தங்கள் நிலத்தைக் கொடுக்க, அவர் அடுப்பைப் பற்றவைத்தார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது.

இன்று தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளியில் மதியம் சத்துணவு, அரசுத் தொடக்கப் பள்ளியில் 2022 முதல் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. கோயில்களில் அன்னதானம், நகரங்களில் அம்மா உணவகம். இவை எல்லாவற்றிலும் நம் பெருமானின் கனவு கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்து நான் பெருமைப்படுகிறேன். ஆனால் பசி போய்விடவில்லை. இடம் மாறியிருக்கிறது, நேரம் மாறியிருக்கிறது. முகமும் மாறிவிட்டதால் நம் கண்ணுக்குத் தட்டுப்படாமல் இருக்கிறது.

நாம் மேடையில், சுவரொட்டியில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொல்வது ஒரு வரிதான்: "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்." அந்தப் பாட்டு அதோடு முடியவில்லை. மீதியையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

"பசியினால் இளைத்தே
வீடுதோறு இரந்தும் பசியறாது அயர்ந்த வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்
நீடிய பிணியால் வருந்துகின்றோர் என் நேருறக் கண்டுளம் துடித்தேன்
ஈடின் மானிகளாய் ஏழைகளாய் நெஞ்சு இளைத்தவர் தமைக் கண்டே இளைத்தேன்."

மூன்று விதமானவர்களைச் சொல்கிறார். வீடு வீடாகக் கேட்டும் கிடைக்காதவர்கள். தீராத நோயில் கிடப்பவர்கள். கடைசியில், மானம் பெரிதென்று வாய்விட்டுக் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே இளைத்துப் போகும் ஏழைகள். முதலாமவரைப் பார்த்துப் பதைத்தார், இரண்டாமவரைப் பார்த்துத் துடித்தார். இந்த மூன்றாமவரைப் பார்க்கும்போது அவரே இளைத்துப் போகிறார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தம் உரைநடை நூலிலும் இவர்களுக்காக அவர் நெடுநேரம் நிற்கிறார். பொழுது விடிந்தால் பசி வந்துவிடுமே என்று பயப்படுகிறவர், இருட்டினால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று கலங்குகிறவர், கேட்கக் கூச்சப்பட்டு ஊமை போல உட்கார்ந்திருக்கிறவர் என்று அவர் எழுதிக்கொண்டே போகிறார். ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவரைத் தவிர வேறு யாரும் அப்படி எழுத முடியாது.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பசியில் பெரும்பகுதி இந்த மூன்றாவது பசி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் ஏற்பாடு என்ன? பேனர் கட்டி, ஒலிபெருக்கியில் பெருமானின் அருட்பெருஞ்ஜோதி அகவலைப் போட்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு நடுத்தெருவில் வரிசை. அந்த வரிசையில் ஒரு மானி வந்து நிற்பாரா? சம்பளம் மூன்று மாதமாக வராத தனியார் பள்ளி ஆசிரியை நிற்பாரா? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முட்டிவலியோடு அடுப்படிக்குப் போகவே முடியாமல் பிஸ்கட்டும் டீயுமாகப் பொழுதை ஓட்டும் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் நிற்பாரா? அவருக்குப் பணக் கஷ்டம்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் பசி பசிதானே. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டு ஒரு வேளையை மட்டும் சாப்பிட்டுச் சமாளிக்கும் கிராமத்துப் பையன், அடுத்த தெருவில் நமக்குத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒதுங்கித்தான் போவான்.

வந்து நிற்பவரையும் நாம் விட்டுவைப்பதில்லை. கையில் தட்டோடு நிற்பவரின் முகம் தெரிய படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்வார்கள். கணக்கை ரசீதில் காட்டலாம், அரிசி மூட்டையைப் படம் எடுக்கலாம். பசித்தவர் முகம் எதற்கு? அன்பர்களே, இதை ஒரு வேண்டுகோளாக அல்ல, சங்க விதியாகவே எழுதி வையுங்கள்: சாப்பிடுகிறவர் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் இறுக்கம் இரத்தின முதலியாருக்குப் பெருமான் எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வருகிறது. பாடல்களை அச்சிட அனுமதி கேட்டு, அவை வந்து சேரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் இருந்தவர் முதலியார். அவ்வளவு அன்பானவருக்கும் பெருமான் ஒரு நிபந்தனை போட்டார். தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரத்துக்கு அடுத்த பெயராகத் தோன்றுகிறது என்று எழுதினார். பெயரில் ஒரு 'சாமி' சேர்வதையே ஆரவாரம் என்று ஒதுக்கியவர் பெயரால், நிர்வாகிகள் பத்துப் பேர் படத்தோடு பிளெக்ஸ் வைக்கிறோம்.

இன்னொன்று. பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண்ணில் ஓர் உருவம் செய்து கொண்டுவந்தபோது, பொன்னான மேனி மண்ணான மேனி ஆயிற்றே என்று சொல்லிக் கீழே போட்டு உடைத்தார் என்று வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலை வைக்க வசூல் செய்யும் சங்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தத் தொகை ஒரு வருடத்துக் கஞ்சிக்கு ஆகும்.

நோயாளிகளுக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையில் சேர்ந்தவருக்குச் சாப்பாடு உண்டு. கூடவே வந்து வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ கிடையாது. கூலிவேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள், கையில் இருப்பது மருந்துக்கும் பஸ்ஸுக்கும்தான். மத்தியானம் யாராவது வந்து பொட்டலம் கொடுப்பார்கள், சில நாள் இரண்டு மூன்று குழுக்கள்கூட ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். எங்கள் சங்கத்தில் நாங்கள் மாலையில் கஞ்சி கொண்டுபோகத் தொடங்கியது இதைப் பார்த்துத்தான். கொஞ்ச நாளிலேயே தெரிந்தது, சர்க்கரை நோய்க்காரர்கள் நிறையப் பேர் வெள்ளைச் சாதத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கேழ்வரகுக் கூழும் சிறுதானியக் கஞ்சியும் கொடுத்தால் குடிக்கிறார்கள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து என்ன சாப்பிட முடியும் என்று கேட்டதில் தெரிந்தது. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் பேசி வைத்துக்கொண்டு நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டால் ஒரே நாளில் பாதிப் பிரச்சினை தீரும். தைப்பூசத்தன்று வடலூரில் ஒருவர் பசியோடு இருப்பது கடினம். மறுநாள் ராத்திரி அவரவர் ஊரில் என்ன நிலைமை என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

அடுத்தது, வெளிமாநிலத் தொழிலாளர்கள். திருப்பூர் பின்னலாடை, கோவைப் பட்டறைகள், சென்னைக் கட்டட வேலை, நெடுஞ்சாலைப் பணி, நாமக்கல் கோழிப்பண்ணை என்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் இல்லாத மாவட்டம் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு இங்கே ரேஷன் அட்டை இல்லை, மொழி தெரியாது, வேலை நின்ற வாரத்தில் கேட்க ஆள் இல்லை. 2020 ஊரடங்கில் இவர்கள் சாலையில் நடந்ததை நாம் பார்த்தோம். அப்போது பல சங்கங்கள் ஓடிப்போய் உதவின, அதை மறக்கக் கூடாது. அந்த வேகம் இப்போது இல்லை. சில இடங்களில், நம் ஊர்க்காரர்களுக்கே போதவில்லை, இவர்களுக்கு வேறா என்ற பேச்சும் காதில் விழுகிறது. பசித்தவரைப் பார்த்து எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், எந்தச் செய்கையார் என்று பேதித்து விசாரிக்கக் கூடாது என்று பெருமான் எழுதினாரே, அதில் முதலில் நிற்பது தேசம்தான். ஒரு பானை சாம்பார் சாதத்தோடு கொஞ்சம் ரொட்டியும் பருப்பும் செய்யக் கற்றுக்கொண்டால் நம் சமையற்கட்டின் தூய்மை கெட்டுவிடாது.

அவர்கள் மாமிசம் சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே என்று ஒரு பெரியவர் கேட்டார். புலால் மறுத்தல் நமக்கு உயிர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொலையும் புலையும் உடையவரை உறவினத்தார் அல்லர் என்று அவ்வளவு கண்டிப்பாகப் பாடிய பெருமானே, அவர்களுக்கும் "பசி தவிர்த்தல் மாத்திரமே புரிக" என்று அதே பாட்டில் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் உறுதிமொழி வாங்குவது, மகாமந்திரம் சொன்னால்தான் இலை போடுவது, இதெல்லாம் அவர் சொன்னது இல்லை. முதலில் சாப்பிடட்டும். வயிறு நிறைந்தவர் ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லலாம்.

இனி, சொல்லச் சங்கடமான ஒரு விஷயம். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் காலம் மாறி நமக்குச் சாதகமாகவே இருக்கிறது, நாம்தான் மாறவில்லை.

1871இலேயே பெருமான் எழுதிவைத்தார்: கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க (கழற்ற) வேண்டாம். மனைவி இறந்தால் கணவன் வேறு கல்யாணத்துக்கு முயற்சி செய்ய வேண்டாம். கருமாதி, திதி எதுவும் வேண்டாம். அந்தக் காலத்தில், அந்த மண்ணில், விதவை என்றால் தலையை மழித்து மூலையில் உட்காரவைத்த வீடுகள் இருந்தபோது இப்படி எழுதினார். அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ சீர்திருத்தக்காரர்களுக்கு முன்பே சொன்னார். இன்று நம் சங்க உறுப்பினர் வீடுகளில் என்ன நடக்கிறது? முன் கூடத்தில் அகவல் பாராயணம் முடிந்த கையோடு, பின்கட்டில் உறவுக்காரப் பெண்கள் சேர்ந்து கணவனை இழந்த அம்மாவின் பூவையும் பொட்டையும் எடுக்கிறார்கள். வளையலை உடைக்கிறார்கள். பதினாறாம் நாள் தாலி இறங்குகிறது. சங்கத்துப் பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஊர் வழக்கம், நாம் என்ன செய்ய முடியும் என்கிறோம். கண்மூடி வழக்கம் எல்லாம் மண்மூடிப் போக வேண்டும் என்று பாடியவரின் பிள்ளைகள் இப்படிச் சொல்லலாமா?

அந்தச் சகோதரிக்கு அந்த நேரத்தில் தனியாக எதிர்த்துப் பேசத் தெம்பு இருக்காது. சங்கம் முன்கூட்டியே பேச வேண்டும். உறுப்பினராகச் சேரும்போதே கணவன் மனைவி இருவரிடமும் இது பற்றி எழுதி வாங்கிக்கொள்ளலாம். துக்கம் நேர்ந்த அன்றே சங்கத்துத் தாய்மார்கள் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் அந்த அம்மா பக்கத்திலேயே இருக்கலாம், பெருமான் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு மாதப் பூசத்தில் விளக்கேற்றும்போது அவரையே முதலில் அழைக்கலாம். காசு செலவில்லாத காரியம் இது. இதைச் செய்தால் நம் பெண்பிள்ளைகள் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். நிர்வாகக் குழுவில் பெண்கள் சமையலுக்கு மட்டும் என்று இருக்கும் இடங்களில் அதுவும் தானாக மாறும்.

இளைஞர்கள் வருவதில்லை என்ற புலம்பலை எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறேன். வந்தவர்களை என்ன செய்கிறோம்? அண்டா தூக்கச் சொல்கிறோம். பெருமான் பரோபகாரம் (பிறருக்கு உதவுதல்), சத்விசாரம் (உண்மையை விசாரித்தல்) என்று இரண்டைச் சொன்னார். நாம் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். அவர் சாலை வைத்ததோடு பாடசாலையும் நடத்த முனைந்தார், சாதாரண ஜனங்களுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார், சன்மார்க்க விவேக விருத்தி என்று ஒரு பத்திரிகை கொண்டுவரத் திட்டமிட்டார். அச்சு அன்றைக்குப் புதிய சாதனம், அதைக் கையில் எடுக்க அவர் கூசவில்லை. நம் சங்கக் கட்டடங்களோ மாதத்தில் ஒரு நாள் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை திறந்து வையுங்கள். விளக்கு எரியட்டும், ஒரு டம்ளர் பால் கொடுங்கள். வாரம் ஒருநாள் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இரண்டு பக்கம் படித்துப் பேசவிடுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். அழியாத உடம்பு பெறுவது என்று நாம் சொல்லும் முத்தேக சித்தி பற்றிக் கேட்பார்கள், 1874 ஜனவரி 30 ராத்திரி மேட்டுக்குப்பத்தில் பெருமான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று கேட்பார்கள். கோபப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். கேள்வி கேட்டே வளர்ந்தவர் அவர்.

வடலூரில் ஞான சபையைச் சுற்றியிருக்கும் திறந்த நிலமான பெருவெளியில் என்ன கட்டலாம், எங்கே கட்டலாம் என்று நமக்குள் பெரிய வாதம் நடந்தது. பெருவெளி வெளியாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்த வாதத்துக்குக் கூடிய கூட்டத்தில் கால்பங்கு, தாலி விஷயத்துக்கோ ராத்திரிப் பசிக்கோ கூடியிருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும். அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாதப் பூசத்துக்கு முன்னால் உங்கள் ஊரில் ஐந்து பேரைப் போய்ப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை கொண்டுபோய்க் கொடுப்பவர், ரேஷன் கடைக்காரர், கிராம சுகாதார செவிலியர், மருந்துக் கடைக்காரர், அரசுப் பள்ளி ஆசிரியர். யார் வீட்டில் அடுப்பு சரியாக எரிவதில்லை, யார் மாத்திரையைப் பாதி அட்டையாகக் கேட்டு வாங்குகிறார், எந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலையில் தள்ளாடி வருகிறது என்று இவர்களுக்குத் தெரியும். பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அந்த நோட்டு இரண்டு பேர் கையைத் தாண்டிப் போக வேண்டாம். அண்ணன் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோவது போலத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை, வேலையோ மருந்தோ பென்ஷன் விண்ணப்பமோதான் தேவை என்று தெரிந்தால் அதற்கும் நம்மில் விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற தாசில்தார்களும் நர்சுகளும் வாத்தியார்களும் இல்லாத சங்கம் எது? எந்த ஊரில் தொடங்கினாலும் எழுதுங்கள். எங்கள் ஊர் நோட்டில் எழுதிய அனுபவத்தை, எது சரியாக வந்தது எது வரவில்லை என்பதோடு, உங்களுக்குச் சொல்லக் காத்திருக்கிறோம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.

தயவுடன்,
கடலூர் மாவட்டத்துச் சன்மார்க்க அன்பர் ஒருவர்